வீட்டு அறையைச் சுற்றுலாப் பயணிக்கு விடுவதென்றால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகள் சும்மா கிடக்கின்றன. சிவனொளிபாதமலை சீசனில் பயணிகளுக்கு விட நினைக்கிறோம். இணையத்தில் விளம்பரம் போட்டால் போதுமா?
– வாசகி, நோர்வூட்

பதில்: போதாது அம்மா. விளம்பரம் அனுமதியாகாது. முதலில் பிரதேச சபைக்குப் போங்கள். அம்பகமுவ சபையிலிருந்து பிரிந்த நோர்வூட், மஸ்கெலியா சபைகள் 2018 தேர்தலோடு தனியாக இயங்கத் தொடங்கின. உங்கள் வீட்டு பிளான் அதற்கு முந்தியது என்றால், கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

காணி உறுதி, நில அளவைப் படம், சபை அங்கீகரித்த பிளான், அந்தப் பிளானின்படியே வீடு கட்டப்பட்டது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பலர் சறுக்குவது மேல்மாடியில்தான். கீழ்வீட்டுக்கு பிளான் இருக்கும். பிறகு கட்டிய மாடிக்கு இருக்காது. அப்படியானால் இப்போது உள்ளபடி புதிதாக வரைந்து கொடுக்க வேண்டும். நுவரெலியா மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிந்துரையும் தேவைப்படும். அதிக நாள் இழுபடுவது இந்த வேலைதான், ஆகவே இதையே முதலில் தொடங்குங்கள்.

நிறுவக அதிகாரிகள் வருமுன் வீட்டின் பின்புறத்தை நீங்களே சுற்றிப் பாருங்கள். மண் வெட்டிய சரிவுக்குத் தாங்குசுவர் இருக்கிறதா? சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா? கூரைத் தண்ணீர் சரிவின் அடியில் விழுகிறதா? மலசலகூடக் குழியின் நீர் எங்கே ஊறுகிறது? ஒரு குடும்பத்துக்கு வெட்டிய குழிக்கு மேலும் ஆறு பேரின் கழிவுநீர் போய்ச் சேர்ந்தால், அந்த நீர் மண்ணை உள்ளிருந்தே இளக்கும். கூரைத் தண்ணீரை பீலி வைத்து, சீமெந்துக் கானில் கீழே இறக்குங்கள்.

அடுத்தது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மலை ஊற்றிலிருந்து குழாய் இழுத்திருந்தால் நீரைப் பரிசோதித்து அறிக்கையை வைத்திருங்கள். சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். உங்கள் சீசனோ டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீள்கிறது. ஒரே சீசனுக்கு இரண்டு ஆண்டின் பத்திரம் தேவை என்பதைப் பலர் ஜனவரியில்தான் உணர்கிறார்கள்.

இவை கைக்கு வந்தபின் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியுங்கள். நீங்கள் அதே வீட்டில் குடியிருந்து அறை விட்டால் ஹோம்ஸ்டே. வீட்டை முழுதாக விட்டால் அது வேறு வகை; விண்ணப்பத்தில் மாற்றிப் போடாதீர்கள். பதிவான விடுதியிடம் பிரதேச சபை அறவிடும் அனுமதிக் கட்டணம் முந்தைய ஆண்டு வரவின் 1 சதவீதத்தை மீறக்கூடாது என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் சொல்கிறது. இங்கே வரவு என்பது இலாபம் அல்ல, வாங்கிய மொத்தப் பணம். முதல் விருந்தாளியிலிருந்தே பற்றுச்சீட்டுப் புத்தகம் வையுங்கள். கணக்கு இல்லாதவரால் கட்டணத்தைக் கேள்வி கேட்க முடியாது.

கேள்வி: தோட்டத்தில் 7 பேர்ச் காணியில் கட்டித்தந்த வீடு. உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. ஓர் அறையை விடலாமா?
– வாசகர், பொகவந்தலாவ

பதில்: உறுதி வரும்வரை கடன் வாங்கி எதுவும் கட்டாதீர்கள். காணி உங்கள் பெயரில் இல்லாமல் பிளான் அங்கீகாரம் கிடைப்பது கடினம். பிளான் இல்லாமல் மற்ற எதுவும் நகராது. தோட்ட நிர்வாகம் வாய்மொழியாகச் சொன்ன சம்மதம், நிர்வாகம் பார்க்கும் துரை மாறினால் போய்விடும், எழுத்தில் கேளுங்கள். உறுதி வந்ததும் அதிலுள்ள நிபந்தனைகளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, வாடகைக்குத் தடை உண்டா என்று வாசிக்கச் சொல்லுங்கள். இத்தனை காலம் காணி இல்லாமல் வாழ்ந்த மக்கள் கிடைத்த 7 பேர்ச்சையும் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: அடைமழையில் விருந்தினரை எப்போது வெளியேற்றுவது?
– வாசகர், எல்ல

பதில்: முற்றத்தில் மழைமானி ஒன்று வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை. 150ஐத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். சுவரில் புது வெடிப்பு, திடீரெனக் கலங்கும் ஊற்று, சாயும் மரம் ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்தப் பாதையால், எந்த இடத்துக்கு என்பதை அறைக் கதவின் உட்புறத்தில் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். இரவில் வெளிநாட்டவருக்கு நமது ஒழுங்கைப் பாதைகள் தெரியாது.