பைபிளில் வரும் கணவன் மனைவியான அனனியாவும் சப்பீராளும், நிலம் விற்ற பணம் முழுவதையும் சபைக்குக் கொடுக்காததற்காகவா செத்தார்கள்?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 5-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் விஷயம் வேறு. நிலம் விற்கும் முன்பும் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்று சபையை நடத்திய பேதுருவே அனனியாவிடம் கேட்கிறார்; அதாவது, பாதியைக் கொடுத்திருந்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் அது குற்றமில்லை. ஒரு பகுதியை வைத்துக்கொண்டு முழுதும் கொடுத்ததுபோல் காட்டியதுதான் சிக்கல். இதற்குச் சற்று முன், 4-ஆம் அதிகாரக் கடைசியில், பர்னபா என்பவர் நிலத்தை விற்று முழுப் பணத்தையும் கொண்டுவந்து வைக்கிறார். அந்த நல்ல பெயர் இவர்களுக்கும் வேண்டியிருந்தது போல (இது என் ஊகம்).

சப்பீராள் வந்தது ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து. கணவன் செத்தது அவளுக்குத் தெரியாது. இவ்வளவுக்குத்தான் விற்றீர்களா என்று பேதுரு நேராகவே கேட்கிறார், உண்மையைச் சொல்ல அவளுக்கு அதுவே ஒரு வாய்ப்பு, அவளோ ஆமாம் என்றாள்.

சரி, தண்டனை இவ்வளவு கடுமையா? எனக்கும் அது உறுத்தும். ஆனால் அந்தச் சபை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, அங்கே ஒருவர் சொல்லை ஒருவர் நம்பித்தான் பொதுப் பணமே பகிரப்பட்டது.