பதின்மூன்றாவது மிஸ்டு கால்

கேள்வி: என் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பதற்றம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போன் செய்கிறாள். “பேராசிரியருக்கு இப்படி மெயில் போடலாமா?”, “ரூம்மேட் சரியா பேசல, கோபமா இருக்காளா?” என்று ஓயாத கேள்விகள். நள்ளிரவிலும் அழைப்பு வரும். எடுக்காவிட்டால் அழுகிறாள். என் தூக்கமே போய்விட்டது. அவள் மனம் நோகாமல் எப்படி எல்லை வகுப்பது?

பதில்: அந்த மெயிலையே எடுத்துக்கொள்வோம். நாலு வரி எழுதி உங்களுக்கு அனுப்புகிறாள். “நல்லா இருக்கும்மா, அனுப்பு” என்கிறீர்கள். படபடப்பு சட்டென்று இறங்குகிறது. சிக்கலே அந்த நிம்மதியில்தான். ‘அம்மா சரி என்றதால் தப்பித்தேன்’ என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த மெயிலுக்குக் கை தானாகப் போனைத் தேடும். பதற்றம் ஓரளவு ஏறி, யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் மெல்ல இறங்கிவிடும். அதை ஒருமுறைகூட அனுபவித்துப் பார்க்க அவளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

உங்கள் மீது பழி போடவில்லை. பயப்படும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லாத பெற்றோர் உண்டா? யேல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் லெபோவிட்ஸின் குழு, பிள்ளையைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. பிள்ளைக்கே நேரடியாகச் சிகிச்சை அளித்ததற்கு நிகரான பலன் கிடைத்ததாக 2020-இல் வெளியான அவர்களின் ஆய்வு சொல்கிறது. அதில் இருந்தவர்கள் 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள். உங்கள் மகள் பெரியவள். ஆனாலும் அடிப்படை இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்: நீங்கள் மாற்ற வேண்டியது அவளை அல்ல, உங்கள் பதிலை.

“இனி ராத்திரியில் போன் பண்ணாதே” என்பது கட்டளை. அதைக் காப்பாற்றுவது அவள் கையில் இருக்கிறது. “பதினொரு மணிக்கு மேல் என் போன் சைலன்ட்டில் இருக்கும்” என்பதுதான் எல்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. இதை அவள் அழுதுகொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள். சிரித்துப் பேசும் ஒரு நாளில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். முதலில் இரவு அழைப்பு மட்டும். அது பழகிய பிறகு மெயில் சரிபார்ப்பு.

கூடவே தினமும் ஒரு நேரம் குறித்து நீங்களே அழையுங்கள், எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். பயந்தால்தான் அம்மா கிடைப்பாள் என்ற நிலை அப்போது மாறும்.

நடுவில் மெசேஜ் வந்தால் இப்படிப் பதில் போடலாம்: “படபடப்பா இருக்குன்னு புரியுதும்மா. உன்னால சமாளிக்க முடியும். என்ன முடிவு பண்ணேன்னு எட்டு மணிக்குச் சொல்லு.” முதல் வரி இல்லாவிட்டால் அவளுக்கு அது அலட்சியமாகப் படும். இரண்டாவது இல்லாவிட்டால் பயம்தான் நியாயம் என்று ஆகிவிடும்.

அப்புறம், முதல் ஓரிரு வாரம் நிலைமை மோசமாகும். அழைப்புகள் கூடும், “உனக்கு என் மேல அக்கறையே இல்ல” என்பாள். பன்னிரண்டு மிஸ்டு கால் வரை பொறுத்துவிட்டுப் பதின்மூன்றாவதை எடுத்தீர்களோ, பதின்மூன்று முறை அடிக்க வேண்டும் என்றுதான் கற்றுக்கொள்வாள். ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து அழைத்தால் ‘டு நாட் டிஸ்டர்ப்’ (தொந்தரவு செய்யாதே) அமைப்பையும் மீறி மணியடிக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. பதற்றக்காரப் பிள்ளைக்கு அது பின்வாசல்; அதை அணைத்து வையுங்கள். எது அவசரம் என்பதை இருவரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். விபத்து, உடல்நலக் கேடு, பாதுகாப்பு இல்லாத சூழல் என்றால் முதலில் வார்டனை எழுப்பட்டும். அவர் உங்களை வேறொரு எண்ணில் கூப்பிடுவார்.

சில சமயம் இந்த எல்லை எதுவும் செல்லாது. சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ பேசினால், நாள்கணக்கில் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால், அறையை விட்டே வெளியே வராவிட்டால், எந்த நேரமானாலும் பேசுங்கள், நேரில் போங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த அளவு இல்லாமல் பதற்றம் படிப்பைக் கெடுக்கிறது என்றால் கல்லூரி ஆலோசகர் இருப்பார். அவரைப் பார்க்க நேரம் வாங்குவதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.

இன்றிரவே அவள் அப்பாவிடமும் இதைப் பேசிவிடுங்கள். நீங்கள் எடுக்காத போனை அவர் எடுத்துக்கொண்டிருந்தால், நாளை முதல் அந்தப் பன்னிரண்டும் அவருக்குத்தான் போகும்.