புல்லை அடிக்கும் நட்சத்திரம்

வணக்கம் சார்,

எங்கள் மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில் ஒரு பொன்மொழி அடிக்கடி வருகிறது: 'ஒவ்வொரு புல்லின் மேலும் ஒரு தேவதை குனிந்து நின்று, வளர், வளர் என்று முணுமுணுக்கிறது – தல்மூத்.' யூத நூல்களில் உண்மையிலேயே இப்படி இருக்கிறதா? செடிகொடி பற்றி அவர்கள் எழுதியதெல்லாம் இந்த மாதிரி பக்திக் கவிதைதானா, இல்லை மண்ணில் கை வைத்தவர்கள் எழுதியதும் உண்டா?

செல்வி

அன்புள்ள செல்வி,

பாதி இருக்கிறது. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய விளக்கத் தொகுப்பான பெரேஷீத் ரப்பாவில் ரபி (யூத மத அறிஞர்) சீமோன் என்பவர் சொல்வது அது. அவர் சொன்னதில் தேவதையும் கிடையாது, முணுமுணுப்பும் கிடையாது. வானத்தில் தனக்கென்று ஒரு நட்சத்திரம் இல்லாத பூண்டே இல்லை, அந்த நட்சத்திரம் பூண்டை அடித்து 'வளர்' என்கிறது, அவ்வளவுதான். கைமாறிக் கைமாறி அடி தாலாட்டாகிவிட்டது. வாழ்த்து அட்டைக்கு அதுதானே தோது!

அதே பத்தியில் அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்தது. கார்த்திகை மீன்கூட்டம் பழங்களுக்குச் சுவையேற்றுகிறதாம். ஓரியன் கூட்டம் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே தண்டை இழுத்து நீட்டுகிறதாம். வானத்தைக் காரணம் காட்டியது இருக்கட்டும். தண்டு நீள்வது கணுக்களுக்கு இடையேதான் என்பதைச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவரால் சொல்லியிருக்க முடியாது.

மண்ணில் கை வைத்தவர்களைத் தேடுவதானால், கவிதையை விட்டுவிட்டுச் சட்டத்தின் பக்கம் போக வேண்டும். கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னாவின் முதல் பிரிவின் பெயரே 'விதைகள்'. எந்த விதையோடு எதைச் சேர்த்து விதைக்கக் கூடாது, நிலத்துக்கு ஓய்வு தரும் ஏழாம் ஆண்டு பிறப்பதற்கு எத்தனை நாள் முன்பு நடுவதை நிறுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக வாதம். மூன்று நாளில் பிடிக்காத ஒட்டு இனிப் பிடிக்காது என்கிறார் ரபி யெஹூதா. இல்லை, இரண்டு வாரம் பார்க்க வேண்டும் என்கிறார்கள் ரபி யோசேயும் ரபி ஷிமோனும். ஒட்டுக் கட்டிப் பார்த்தவர்களுக்குள்தான் இப்படிச் சண்டை வரும்.

இந்தச் சட்டங்களில் ஒன்று 'ஓர்லா'. பழமரம் நட்டால் முதல் மூன்று ஆண்டுக் காய்ப்பை உண்ணக் கூடாது என்கிறது விவிலியத்தின் லேவியராகமம். நான்காம் ஆண்டுப் பழம் கடவுளுக்குரியது, ஐந்தாம் ஆண்டிலிருந்து நட்டவனுக்கு. காய்கறிக்கு இந்தத் தடை இல்லை. அதனால் முன்னால் நிற்பது மரமா, செடியா என்று முடிவு கட்டியே ஆக வேண்டும். உண்ணும் முன் சொல்லும் ஆசி மரத்துப் பழத்துக்கு ஒன்று, நிலத்தில் விளைந்ததற்கு வேறொன்று. எதற்கு எதைச் சொல்வது என்பதற்காக, மிஷ்னா மீதான விவாதத் தொகுப்பான தல்மூத் ஓர் அளவுகோல் தருகிறது: பழத்தைப் பறித்த பின்பும் கிளை நின்று மறுபடி காய்க்கிறதா? காய்த்தால் மரம். வாழை இதில் சுலபமாகத் தோற்றுவிடும். குலை தள்ளிய தண்டு அதோடு சரி, அடுத்தது பக்கக்கன்றுதான். 1565இல் வெனிஸில் அச்சான, ரபி யோசேப் காரோவின் யூதச் சட்டத் தொகுப்பும், வாழைப்பழத்துக்கு நிலத்தில் விளைந்ததற்கான ஆசியைத்தான் சொல்லச் சொல்கிறது.

கத்தரிக்காய்தான் எல்லாரையும் திணறடித்தது. விவிலிய காலத்தில் அந்த நாட்டில் கத்தரி கிடையாது. அரபுகளோடு மேற்கே போன பயிர் அது. குளிர் கொல்லாத ஊரில் கத்தரிச் செடி ஓராண்டோடு போவதில்லை, உங்கள் மாடியிலேயே பார்த்திருப்பீர்கள். தண்டு கட்டையாகிவிடும், பறித்த கிளை திரும்பவும் காய்க்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் மரமேதான். மரமென்றால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் செடி ஓய்ந்துவிடும். ஆக யூதர் வீட்டில் கத்தரிக்காயே கூடாது. ஆனால் கெய்ரோவில் அது வேகாத அடுப்பு ஏது?

16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் தலைமை ரபி தாவீத் பென் சிம்ரா, விதைத்த ஆண்டிலேயே காய்ப்பது மரமாகாது என்று வழி சொன்னார். பின்னாளில் பாக்தாதின் ரபி யோசேப் ஹாயிம் (1835–1909) முன்னால் பப்பாளி வந்து நின்றது. அதன் தண்டு உள்ளே வெற்று, பழம் கிளையில் தொங்காமல் தண்டை ஒட்டியே காய்க்கிறது என்றெல்லாம் பார்த்து, அதுவும் மரமல்ல என்று தீர்த்தார். கறியைத் தட்டில் வைத்துக்கொண்டு சட்டம் தேடினார்கள் என்று நாம் கேலி செய்யலாம். கொஞ்சம் உண்மையும்கூட. ஆனாலும் அவர்கள் எடுத்துவைத்த சாட்சி ஒவ்வொன்றும் செடியிலிருந்தே வந்தது என்பதால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

சாமர்த்தியத்துக்கும் குறைவில்லை. இஸ்ரேல் நாட்டுக்கு வெளியே, ஓர்லாவா என்று சந்தேகமாக இருக்கும் பழத்தை உண்ணலாம் என்பது விதி. அப்படி வெளியே வாழ்ந்த லேவி என்ற அறிஞர், தன் நண்பர் ஷ்முவேலிடம் சொன்னாராம்: "எனக்குச் சந்தேகமானதாகப் பார்த்துக் கொடு, சாப்பிடுகிறேன்." எந்த மரத்தில் பறித்தது என்று சொல்லாதே, அப்புறம் சாப்பாடு போய்விடும் என்பது பொருள். தல்மூத் இதை முகம் மாறாமல் பதிந்து வைத்திருக்கிறது.

கவிதையும் கவனிப்பும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பேரீச்சைக்குப் போங்கள். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்காத ஒரு பெண் பேரீச்சை பற்றி அதே பெரேஷீத் ரப்பாவில் ஒரு கதை வருகிறது. மர வைத்தியம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது எரிகோவில் உள்ள ஒரு பேரீச்சை மேல் ஆசைப்படுகிறது என்றார். அந்த எரிகோ மரத்திலிருந்து எடுத்துக் கொண்டுவந்து இதில் கட்டினார்கள், உடனே காய்த்தது. எரிகோ மக்களுக்கு இதெல்லாம் அன்றாட வேலை. யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள் நண்பகலுக்குமேல் வேலை கூடாது என்றாலும், அவர்கள் அன்று நாள் முழுக்கப் பேரீச்சைக்கு மணம் முடித்துக்கொண்டிருந்தார்கள் (ஆண் மரத்தைப் பெண் மரத்தோடு சேர்ப்பதுதான்), அறிஞர்களும் தடுக்கவில்லை என்கிறது மிஷ்னா. பண்டிகையும் பாளை வெடிக்கும் பருவமும் ஒன்றாக வந்தால் வேறென்ன செய்வது? எப்படிச் செய்தார்கள் என்று தல்மூத் விசாரிக்கிறது. பச்சை மிர்ட்டில் தழை, வாற்கோதுமை மாவு என்று ஏதோ கஷாயப் பக்குவம் சொல்கிறார் ஒருவர். ரவ் ஆஹா நேராகச் சொல்லிவிடுகிறார்: ஆண் மரத்தின் கிளையை எடுத்துப் பெண் மரத்தில் வைப்பார்கள்.