பட்டியல் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

வணக்கம் சார்,
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பணிக்கு ஒரு குறவர் குடியிருப்புக்குப் போய்வருகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் 'நல்லுறவுக் கூட்டம்' நடத்தப்போகிறார்களாம். அதற்காக அங்குள்ள ஆண்களின் பெயர், போன் நம்பர், யார் எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார் என்று பட்டியல் கேட்கிறார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளரும் கொடுத்துவிடு என்கிறார். கொடுக்கலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்,

கொடுக்காதீர்கள். கூட்டத்துக்கு ஆள் கூப்பிட, யார் எந்த ஊருக்குப் போகிறார் என்ற விவரம் எதற்கு? பக்கத்து ஊரில் ஒரு வீட்டின் பூட்டு உடைந்தால் முதலில் அந்தத் தாளைத்தான் புரட்டுவார்கள். கேட்டவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், நாளைக்கு அவருக்கு மாறுதல் வரும், தாள் ஸ்டேஷனிலேயே கிடக்கும்.

இது புதுசும் இல்லை. 1871-ல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் (சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய சட்டம், மதுரைப் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள்) 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, போலீஸ் மட்டும் தனியாக அதை நடத்தவில்லை. ஆந்திராவில் பாபட்லா பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் எருகுலர்களை, அதாவது உங்கள் குறவர்களின் உறவுக்காரர்களை, குடியமர்த்தி மேய்த்தது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு. பள்ளிக்கூடம், நிலம், கைத்தொழில் எல்லாம் கொடுத்தார்கள், கூடவே ஆஜர் எடுத்தார்கள், சீட்டு வாங்காமல் வெளியே போக முடியாது. நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பித்தான் செய்திருப்பார்கள், எனக்கு அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சட்டம் போய்விட்டது, ஹிஸ்டரி ஷீட் (ஒருவரைக் கண்காணிக்கப் போலீஸ் வைத்திருக்கும் பதிவேடு) போகவில்லை. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், பின்தங்கிய சமூகத்தில் பிறந்தவர்கள் என்பதற்காகவே அப்பாவிகள் பெயரை எந்திரத்தனமாக அதில் ஏற்றுவதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சுகன்யா சாந்தா தீர்ப்பில், சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய சட்டத்தின் பட்டியலில் இருந்த சமூகத்தினரை, கண்டபடி கைது செய்யக் கூடாது என்று போலீசுக்கே உத்தரவு போட்டது. ஒருங்கிணைப்பாளர் முகம் சுளித்தால் இரண்டையும் பிரின்ட் எடுத்து அவர் மேசையில் வையுங்கள்.

அப்படியென்றால் போலீசோடு பேசவே கூடாதா என்றால், தாராளமாகப் பேசுங்கள், குடியிருப்புக்காரர்களோடு சேர்ந்து போய்ப் பேசுங்கள். கூட்டத்தைக் குடியிருப்பிலேயே போடச் சொல்லுங்கள், வருகிறவர்கள் வரட்டும். யாரையாவது தூக்கிக்கொண்டு போனால் கூடவே போங்கள்: கைது செய்த நேரத்தைச் சரியாக எழுதினார்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்களா என்று பாருங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் நம்பர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும், அங்கே வக்கீல் வைத்துக் கொடுக்கக் காசு வாங்க மாட்டார்கள்.

அப்புறம் உங்கள் களப்பணி நோட்டு. 'வீட்டுக்காரர் ரெண்டு நாளாக ஊரில் இல்லை' என்கிற மாதிரி எதையாவது எழுதியிருப்பீர்கள். கல்லூரிக்கு ரிப்போர்ட் கொடுக்கும்போது பெயர்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.