ஒழுகும் தளம்: மதுரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

செல்லூர்: அண்ணே, ஐப்பசி மழையில் ஹால் தளம் ஒழுகியது. கறைக்கு நேர் மேலே மொட்டை மாடியில் ஒரு விரிசலும் இல்லை. எங்கே பூசுவது?

இப்போதைக்கு எதையும் பூசாதீர்கள் தம்பி. தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் செங்கல் ஜல்லி போட்டிருப்பார்கள். ஓட்டு இடுக்கில் இறங்கிய தண்ணீர் அந்த ஜல்லியில் ஊறி, வாட்டம், அதாவது சரிவு, போன பக்கம் நகர்ந்து, கான்கிரீட்டில் வழி கிடைத்த இடத்தில்தான் சொட்டும். நுழைந்த இடம் பல அடி தள்ளி இருக்கலாம்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், டேங்க் மேடையின் அடி, டிஷ் ஆன்டெனாவுக்குத் துளை போட்ட இடம், இவற்றை முதலில் பாருங்கள். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும்.

அப்புறமும் தெரியவில்லையா? வெயில் நாளில் களிமண் வரப்பு கட்டி, ஒரு பகுதியில் மட்டும் இரண்டு அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி மேட்டுக்குப் போங்கள். மாடி முழுக்க ஒரே நேரத்தில் நிரப்பினால் ஒழுகுவது தெரியும், இடம் தெரியாது.

கே.கே. நகர்: மாடி வீட்டுக் குளியலறைக்குக் கீழே கோடையிலும் ஈரம். மேல் வீட்டுக்காரர் தன் குழாயில் கோளாறே இல்லை என்கிறார்.

சண்டை வேண்டாம், சோதித்துக் காட்டுங்கள். யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் குறையவில்லை என்றால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்மேல் சந்தேகப்படலாம். டேங்கிலிருந்து வரும் வால்வை ஓரிரு நாள் மூடச் சொல்லி, சொட்டு குறைகிறதா என்று பாருங்கள். குளித்த பிறகு மட்டும் கூடினால் கழிவுநீர்ப் பக்கம்தான். தரைச் சல்லடையை அடைத்து, வண்ணம் கலந்த தண்ணீரைத் தேக்கி வையுங்கள். கீழே அந்த நிறம் வந்தால் அதற்குமேல் பேச்சில்லை. பல வீடுகளில் சல்லடையைச் சுற்றிய இணைப்பைச் சரிசெய்தாலே போதும், எல்லா டைல்ஸையும் பெயர்க்க வேண்டியதில்லை. தரைக்கடியில் நிரப்பிய மண் ஊறியிருப்பதால், சரிசெய்த பின்னும் சில நாள் சொட்டும். பயப்படாதீர்கள்.

வடக்கு மாசி வீதி: தாத்தா கட்டிய வீடு. தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கிய தளம். மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார்.

தயவுசெய்து விடாதீர்கள். அந்தக் கட்டைகள் அவ்வளவு பாரத்துக்குப் போட்டவை அல்ல. சிமென்ட் மூடினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உளுத்துப்போகும். மேலே சொன்ன தண்ணீர் தேக்கும் சோதனையும் இந்தத் தளத்துக்குக் கூடாது. கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதுபொதுவென்று இறங்கினால் முதலில் கட்டையை மாற்ற வேண்டும். மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பே சரி. கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரில் குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். அலைந்தாலும் பரவாயில்லை.

மேலூர்: வருஷா வருஷம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கிறோம். அடுத்த மழைக்கே உரிகிறது.

ஈரத்தின்மேலோ தூசியின்மேலோ அடித்திருப்பீர்கள். பங்குனி, சித்திரையில் தளம் நன்றாகக் காய்ந்த பிறகு விரிசல்களை அடைத்துவிட்டு அடியுங்கள். தண்ணீர் தேங்கினால் வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். நூறு அடிக்கு ஓரடியாவது சரிவு வேண்டும்.

திருநகர்: தளத்தின் அடியில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. பட்டி பார்த்து மூடலாமா?

கூடாது. துருவேறிய கம்பி பருத்து இன்னும் பெயர்க்கும். அதன் அடியில் யாரும் படுக்க வேண்டாம். மின்விசிறிக் கொக்கி பக்கத்தில் ஈரம் இருந்தால் அந்த லைனை அணைத்துவிடுங்கள். பொறியாளர் ஒருவர் வந்து தட்டிப் பார்க்கட்டும். பிடிப்பு விட்ட காரையை முழுதும் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி கட்டுவதா என்பதையும் அவரே சொல்லட்டும்.