பிக்கப்புக்கு டாப்பும் சைக்கிள் ரேக்கும்: பட்டறைக்குப் போகும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். இசுசு வி-கிராஸ், டபுள் கேபின், வெள்ளை போர்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விருந்தினர்கள் காலையில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சைக்கிளில் இறங்குவார்கள். நான் வண்டியோடு போய் ஆட்களையும் சைக்கிள்களையும் மேலே ஏற்றி வர வேண்டும். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு மூடிய டாப்பு போட்டு, நாலு சைக்கிள் நிற்கிற மாதிரி உள்ளூர் பட்டறையில் பைக் ரேக் ஒன்று அடிக்க நினைக்கிறேன். ஒரு புரோக்கர் பதினைந்தாயிரம் கொடுத்தால் ஆர்.சி.யில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? ரேக்கை எப்படி அமைப்பது?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

அந்தப் பதினைந்தாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சீல் குத்திய ஒரு கடிதத்தின் ஜெராக்ஸ் கிடைக்கும். "இதை வண்டியிலேயே வையுங்க சார், யாரும் கேட்க மாட்டாங்க" என்பார். உங்கள் வண்டி எண்ணை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் நீங்களே போட்டுப் பாருங்கள். அங்கே பழைய விவரம்தான் இருக்கும். செக்போஸ்ட்டில் பார்ப்பதும் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பதும் அந்தப் பதிவைத்தான். உங்கள் டேஷ்போர்டில் இருக்கும் ஜெராக்ஸை யாரும் மதிக்கப் போவதில்லை. குன்னூரிலும் ஊட்டியிலும் இந்தக் கடிதத்தை என்னிடம் பெருமையாக நீட்டியவர்கள் பலர். அதில் ஒன்றாவது செல்லுபடியானது என்று இதுவரை எனக்குத் தெரியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறிப்போகும் விதத்தில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதே 52-இல் "மாற்றம்" என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கமும் இருக்கிறது: வண்டியின் அமைப்பில் கைவைத்து, அதன் அடிப்படைத் தன்மையே மாறிவிடுவது. கிளாம்ப் போட்டு உட்கார வைத்து, நாலு பேர் தூக்கினால் இறங்கிவிடும் ஃபைபர் டாப்பு அடிப்படைத் தன்மையை மாற்றுகிறதா? என்னைக் கேட்டால் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு அலுவலகத்தின் படியை மூன்று முறை ஏறினேன். முதல் மேஜையில், "இது ஆக்சஸரி, இதுக்கெல்லாம் ஏன் சார் வர்றீங்க?" இரண்டாவது மேஜையில், "இது மாற்றம், வரைபடம் கொண்டு வாங்க." வரைபடத்தோடு மூன்றாவது முறை போனபோது இரண்டாவது மேஜைக்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். எழுத்தில் ஒரு வரி பதில் தந்தால் இந்தப் புரோக்கர்கள் ஒரே மாதத்தில் வேறு தொழில் தேடிப் போய்விடுவார்கள். தருவார்களா என்ன?

அதனால் என் வழி இது. டாப்போ ரேக்கோ, எதையும் வண்டியில் வெல்டு செய்யாதீர்கள். தொட்டியில் ஓட்டையும் போடாதீர்கள். கழற்றி வீட்டில் வைக்க முடிந்தால் அது சாமான். கழற்ற முடியாவிட்டால் அது வண்டியின் உறுப்பு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் மாடலுக்கென்று டீலரிடம் கம்பெனி ஆக்சஸரியாக டாப்பு கிடைத்தால், விலை கூட இருந்தாலும் பில்லோடு அதையே வாங்குங்கள். வாங்கிய கையோடு அதன் விலையை இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பட்டறைக்காரர் இரும்புத் தகட்டில் டாப்பு அடித்துத் தருகிறேன் என்பார். பாதி விலைதான் வரும். வேண்டாம். முதல் காரணம், தகட்டு டாப்பு சுலபமாக நூற்றைம்பது கிலோவைத் தொடும், அத்தனை எடையும் உயரத்தில் உட்காரும். கொண்டை ஊசி வளைவில் வண்டியின் மேல்பாகம் வெளிப்பக்கம் சாய்வதை நீங்களே உணர்வீர்கள். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் கேபின் தனி, தொட்டி தனி. இரண்டும் ஒரே சேஸிஸ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் அசையும். பட்டறைக்காரர் "டைட்டா நிக்கும்" என்று டாப்பைக் கேபினோடு சேர்த்துப் பற்றவைத்தால், ஒன்று பற்றவைத்த இடம் விரியும், இல்லையென்றால் கேபின் பின்கண்ணாடி போகும். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி கட்டாயம் வேண்டும்.

ஃபைபர் டாப்பு எழுபது கிலோவுக்குள் முடியும். உயரம் கேபின் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். சைக்கிள் நிற்காதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நிற்கும், சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பட்டறையில் "பைக் ரேக்" என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் புல்லட் டயர் உட்காரும் அளவுக்கு இரும்புச் சேனல் தயாராக இருந்தது.

ரேக்கைப் பின்கதவுக்கு வெளியே தொங்கவிடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் மாட்டியிருப்பார்கள், அழகாகத்தான் இருக்கும். இங்கே அது நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கும். நம்பரை இன்னொரு பலகையில் எழுதித் தொங்கவிடுகிறேன் என்றால் அது சட்டம் கேட்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பலகை ஆகாது. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. அனுமதித்த அளவைத் தாண்டி லோடு நீட்டிக்கொண்டிருந்தால் 194(1ஏ) பிரிவில் இருபதாயிரம் ரூபாய். பொருளை இறக்கி ஒழுங்கு செய்யும்வரை வண்டியும் நகராது. அதே ரோட்டில் கேரட் மூட்டை கேபினுக்கு மேல் இரண்டடி எழும்பி நிற்க, அதன் மேல் மூன்று ஆட்கள் உட்கார்ந்து போவதை நீங்களும் தினமும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். அதைக் கேட்க ஆள் இல்லை. ஆனால் பளபளவென்று ஒரு புது ரேக் தெரிந்தால் கை நீளும். அநியாயம்தான், என்ன செய்ய?

சரி, உள்ளே வைக்கும் ரேக். உங்கள் தொட்டி நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மலைச் சைக்கிள் முழுதாக 1.8 மீட்டருக்கு மேல் வரும், ஹேண்டில்பார் மட்டுமே முக்கால் மீட்டர். அப்படியே நிறுத்தினால் இரண்டுதான் போகும். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின், அதாவது அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின், நுனியைத் தரைமட்டத்தில் மாட்டினால் நீளம் ஒன்றரை மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஹேண்டிலும் கிட்டத்தட்ட ஒரு அடி இறங்கிவிடும். சீட்டைக் கடைசிவரை இறக்கினால் கேபின் மட்ட டாப்புக்குள் அடங்கும்.

18 மில்லிமீட்டர் மரைன் பிளையை, அதாவது ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையை, தொட்டியின் அடித்தளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதன் அடியில் ரப்பர் பட்டை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வடிகால் துளை அடைத்து ஐப்பசி மழையில் தொட்டி தெப்பக்குளமாகிவிடும். பிளையின் மேல் கேபின் பக்கம் ஒன்று, பின்கதவுப் பக்கம் ஒன்று என்று இரண்டு குறுக்குச் சட்டங்கள். ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப்பு, 2 மில்லி கனம். இவற்றைப் பிளையில் போல்ட் போட்டு முடுக்குங்கள். பிளையைத் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளோடு ராட்செட் பெல்ட்டால் இழுத்துக் கட்டுங்கள். அவ்வளவுதான், வண்டியில் ஒரு ஓட்டைகூட இல்லை.

சைக்கிள்களில் ஒன்றாவதும் மூன்றாவதும் கேபினைப் பார்த்து, இரண்டாவதும் நான்காவதும் பின்கதவைப் பார்த்து. இப்படி மாற்றி மாற்றி வைத்தால் ஹேண்டில்கள் முட்டாது. அளவு கொடுக்கும் முன் போர்ட்டிகோவில் சாக்பீஸால் ஒன்றரைக்கு ஒன்றரை மீட்டர் கட்டம் போடுங்கள். சக்கர வளைவு துருத்தும் இடத்தையும் வரைந்துகொண்டு, நாலு சைக்கிளையும் முன்சக்கரமில்லாமல் அதற்குள் நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் சாய்வாக வைக்க வேண்டியிருக்கும். பட்டறையில் மூன்று முறை வெட்டி ஒட்டுவதற்கு இது மேல்.

ஃபோர்க் மாட்டும் இடத்துக்கு அளவு சொல்லும் முன் சைக்கிளின் முன் அச்சைப் பாருங்கள். நெம்புகோல் வைத்த குயிக் ரிலீஸ் என்றால் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே நூறு மில்லி. அந்த நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டை வெட்டி, சட்டத்தின் மேல் பற்றவைத்தால் அதனூடே அச்சைச் செருகி இறுக்கலாம். கனமான த்ரூ ஆக்சில் என்றால் அச்சு 15 மில்லி, இடைவெளி நூறு அல்லது நூற்றுப்பத்து. ஒன்றுக்கு அடித்தது மற்றதற்குச் சேராது.

டிஸ்க் பிரேக் சைக்கிளில் ஒரு சின்ன வேலை மறக்கக்கூடாது. முன்சக்கரத்தைக் கழற்றியதும், பிரேக் பேடு இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய அட்டைத் துண்டை டிஸ்க் கனத்துக்கு மடித்துச் செருகிவிடுங்கள். வழியில் யாராவது லீவரை விளையாட்டாக அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். மேலே வந்து சக்கரத்தை மாட்டப் போனால் டிஸ்க் உள்ளே போகாது. அப்புறம் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்.

நம் மலைப் பனிக்கு இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பைப்பு நுனிகளுக்கு மூடி போட்டு, அடிப்பக்கம் சின்னத் துளை ஒன்று விடச் சொல்லுங்கள். ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்த பிறகுதான் பெயின்ட்.

இப்போது எடை. டாப்பு எழுபது, பிளை முப்பதுக்குக் கொஞ்சம் குறைய, ரேக் பதினைந்து, நாலு சைக்கிள் ஐம்பத்தைந்து. கிட்டத்தட்ட நூற்று எழுபது கிலோ. ஐந்து ஆட்களைச் சேர்த்தால் ஐந்நூறைத் தாண்டும். உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். ஐந்நூறுக்குக் கீழே வந்தால் இரண்டு நடையாகப் போங்கள். "பிக்கப்புதானே, ஒரு டன் தாங்கும்" என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்காதீர்கள். அது மஞ்சள் போர்டு வண்டிக்குச் சொல்வது. சைக்கிள் பயணத்துக்கென்று தனியாகக் காசு வாங்கினால் வெள்ளை போர்டு போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கேபினில் உங்களோடு சேர்த்து ஐந்து பேர். நாலு சைக்கிள், நாலு ஆள், கணக்கு சரி. ஒரு நாள் ஐந்தாவது விருந்தாளி வருவார். "பின்னால சைக்கிளோட உட்கார்ந்துக்கறேன், ஜாலியா இருக்கும்" என்பார். காற்று வரட்டும் என்று டாப்பின் பின்கண்ணாடியைத் தூக்கி வைப்பீர்கள். அதுதான் ஆபத்து. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். சைலன்சர் புகை வெளியே போகாமல் திறந்த கண்ணாடி வழியே உள்ளே இழுக்கப்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் ஏற்றம், பாதி தூரம் சின்ன கியரில். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உள்ளே இருப்பவர் தூங்குகிறார் என்றுதான் நினைப்பீர்கள். பிள்ளைகள், நாய், யாராக இருந்தாலும் டாப்புக்குள் கூடாது. கண்ணாடியை மூடிவிட்டால் பரவாயில்லையா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். ஐந்தாவது ஆளுக்குப் பஸ் இருக்கிறது.

டாப்புக்கு என்ன நிறம் என்றும் கேட்பீர்கள். வெள்ளையே இருக்கட்டும், பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுங்கள். கேபினுக்குப் பின்னால் மேலே இருக்கும் பிரேக் விளக்கு டாப்புக்குள் மறைந்துவிட்டால், டாப்பின் பின்விளிம்பில் ஒரு விளக்கு வைத்து எலக்ட்ரீஷியனிடம் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் காலி வண்டியாகவே இறங்குங்கள். வழியில் குஞ்சப்பனையில் ஓரமாக நிறுத்தி, எல்லா கிளாம்புகளிலும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். ரப்பர் படிந்து, குறைந்தது இரண்டு கிளாம்பாவது அரைச் சுற்று இறங்கும்.