இத்தாலியின் பழைய ஊர்களுக்குள் காரில் போனால் ஏன் அபராதம் வருகிறது?

இசட்.டி.எல். என்று சொல்லப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரம்தான் காரணம். அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையக்கூடிய தெருக்கள் அவை. ஃபிளாரன்ஸ், சியெனா, பீசா என்று பெரும்பாலான பழைய ஊர்களின் நடுப்பகுதி இப்படித்தான்.

ஆளும் கழுதையும் போக அமைந்த இடைக்காலச் சந்துகள். இன்றைய வாகன நெரிசலைத் தாங்காது. தேர்த்திருவிழா அன்று ரத வீதியில் தடுப்பு வைத்து உள்ளூர்க்காரர்களை மட்டும் விடுவார்களே, அதுபோலத்தான். ஆனால் இங்கே தடுப்பும் இருக்காது, போலீஸும் நிற்காது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு போட்ட பலகை ஒன்று, மேலே நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும் கேமரா, அவ்வளவுதான். வழி தவறி நுழைந்தாலும் அபராதம்தான். வாடகைக் கார் என்றால் நோட்டீஸ் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். கார் நிறுவனம் அதற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும்.

என்னைக் கேட்டால், ஃபிளாரன்ஸுக்கு ரயில்தான் சரி. சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். ஃபிளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி மாநிலத்தின் கிராமங்களைச் சுற்ற மட்டும் கார் எடுங்கள், ஊரின் பழைய மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், ஹோட்டல் இந்த வட்டாரத்துக்குள் இருப்பதால் தாராளமாகப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அறை பதிவு செய்தால் மட்டும் போதாது, உங்கள் வண்டி எண்ணை ஹோட்டல்காரர் நகராட்சியிடம் பதிந்திருக்க வேண்டும்.